பூகாரூமியில் தண்ணிப்பை நோய் கிடையாது

பூகாரூமியில் தண்ணிப்பை நோய் கிடையாது. இதை நான் சொல்லவில்லை. எங்கள் அலுவலக வாசலில் நாலு முழ அகலத் தகரத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்துகளுக்கு வருஷா வருஷம் நீலச் சாயம் பூசுகிறவன் நான்தான், அதனால் எனக்கு மனப்பாடம்.

என் பெயர் எஃபராயின். நாய்ப்புழு ஒழிப்பு மண்டல அலுவலகத்தில் வாட்ச்மேன். பதினோரு வருஷ சர்வீஸ். கதவைத் திறப்பது, பெருக்குவது, இயக்குநர் டாக்டர் அருனாத்தெகி வரும்போது எழுந்து நிற்பது, அவர் உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருப்பது, இவைதான் என் வேலைகள். எங்கள் ஊர் பூகாரூமி, காற்றுகூட மெலிந்துபோன மலைமேடு. புல்லையும் உருளைக்கிழங்கையும் தவிர எதுவும் முளைக்காது. அலுவலகம் மட்டும் எப்படியோ முளைத்துவிட்டது. மனிதர்களைவிட ஆடுகள் அதிகம், ஆடுகளைக் காக்க வீட்டுக்கு இரண்டு மூன்று நாய்கள்.

எங்கள் அலுவலகம் வருஷத்தில் ஒருநாள் வேலை செய்யும். ஆகஸ்ட் மாதம், நாய்த் திருநாள் அன்று. மீதி நாட்களில் அந்த ஒருநாளைப் பற்றி அறிக்கை எழுதும்.

அன்றைக்குக் காலையில் ஊர் நாய்கள் எல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு நாய்க்கும் புகைப்படம் ஒட்டிய அட்டை உண்டு. புகைப்படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும், நாக்கு தெரியக் கூடாது. பாலாடைக்கட்டிக்குள் புழு மாத்திரையை வைத்துக் கொடுப்பார்கள், நாய் விழுங்கும், அட்டையில் முத்திரை விழும். பிறகு பேச்சு. எங்கள் இயக்குநர் பேசினால் மைக் சூடாகிவிடும்.

"பொதுமக்களே! புழு நம் எதிரி. ஆனால் அந்தப் புழு இதுவரை எந்தக் கோப்பிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறதா? ஏதாவது பதிவேட்டில் அதன் பெயர் உண்டா? இல்லை! ஆகவே சட்டப்படி அது பூகாரூமியில் இல்லை! என் பதவிக் காலத்தில் ஒரே ஒரு நோயாளிகூடப் பதிவாகவில்லை. அதற்கு நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் தெரியுமா!"

கை தட்டுவோம். நான் முதலில் தட்டுவேன், அதுவும் என் வேலையில் சேர்த்தி.

பேச்சு முடிந்ததும் பாச்சமாங்கா. பன்னிரண்டு ஆடு அறுத்து, குழி தோண்டி, பழுக்கக் காய்ந்த கற்களுக்கு நடுவே இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் புதைத்து வேகவைத்து ஊரே சாப்பிடும். அறுக்கிற ஆடுகளில் பாதிக்கு மேல் ஈரலிலும் நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாகத் தண்ணிப்பைகள் இருக்கும். அழுத்தினால் தெளிந்த தண்ணீர் பீச்சும். அதை மனுஷன் தின்னக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும், நாங்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. ஆனால் இறைச்சியைத் தூக்கி எறிய எங்களுக்கு மனசு வராது. நாய்க்குப் போடுவோம். அப்பன் பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான்.

அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் காலையில் மாத்திரை விழுங்கிய நாய்களுக்கு மத்தியானம் போடுவதும் நான்தான். இயக்குநரே எட்டிப் பார்த்து, "நல்லாப் போடுய்யா எஃபராயின், இன்னைக்கு அதுங்களுக்குத்தானே திருநாள்" என்பார். நான் ஓரவஞ்சனைக்காரன். கனேலாவுக்கு மட்டும் பெரிய துண்டாகப் பொறுக்கிப் போடுவேன். லவங்கப்பட்டை நிறத்தில் இருக்கும் அந்த நாய், என் அக்கா பசிலியாவின் மகள் டெல்ஃபினா வளர்க்கிற நாய்.

டெல்ஃபினாவுக்கு ஒன்பது வயசு. அவள் அப்பா சுரங்கத்தில் வேலை பார்க்கிறார், மாசத்துக்கு ஒருதடவை வருவார். இந்தக் குளிரில் அப்பா இல்லாத குறைக்குக் கனேலாதான் போர்வைக்குள் படுக்கும். அவள் முகத்தை நக்கும். வறுத்த சோளத்தை அவள் ஒன்று, அது ஒன்று என்று தின்பார்கள். "சீ, கையையாவது கழுவுடி" என்று அக்கா கத்துவாள். "கனேலா சுத்தமானவம்மா, அட்டை இருக்கு" என்பாள் இவள்.

போன வருஷம் செப்டம்பரில் ஒருநாள் அக்காவோடு சந்தைக்கு வந்த டெல்ஃபினா அலுவலக வாசலுக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்து வலது விலாவுக்குக் கீழே வைத்தாள்.

"மாமா, என் வயித்துக்குள்ள ஒரு உருளைக்கிழங்கு இருக்கு."

"என்ன ரகம்?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் கிழங்கு என்றால் ரகம் கேட்காமல் இருக்க மாட்டோம்.

"தெரியல. ஆனா பெரிய ரகம்."

சிரித்துக்கொண்டே அழுத்தினேன். கையில் தட்டுப்பட்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

சுகாதார நிலையத்தில் மிலாக்ரோஸ் என்று ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தார். கடற்கரைப் பட்டணத்துக்காரர், படிப்பு முடித்தவர்கள் மலையில் ஒரு வருஷம் வேலை பார்க்க வேண்டும் என்பதால் வந்தவர். டெல்ஃபினாவைப் படுக்கவைத்துத் தொட்டுப் பார்த்தவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"தண்ணிப்பைதான்க்கா. கல்லீரல்ல இருக்கு. தலைநகரத்துல அறுத்து எடுத்துட்டா பிழைச்சுக்குவா, பயப்படாதீங்க. ஆனா அதுவரைக்கும் விழாம அடிபடாமப் பாத்துக்குங்க. உள்ள வெடிச்சா என் கையில ஒண்ணும் இல்ல."

"எப்ப அனுப்புவீங்க?" என்றாள் அக்கா.

"இன்னைக்கே அனுப்புவேன். ஆனா இந்த நோய்க்கு மட்டும் நாய்ப்புழு ஆபீஸ் உறுதிக் கடிதம் வேணும். அது இல்லாம இலவச சிகிச்சைக்கு எடுத்துக்க மாட்டாங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் தம்பி அந்த ஆபீசில்தானே இருக்கிறான் என்கிற பார்வை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு கடிதம்தானே.

மறுநாள் இருவரும் இயக்குநர் அறைக்குப் போனோம். டெல்ஃபினாவும் வந்தாள்.

"உக்காரு தாயி. என்ன பிரச்சினை?"

"எம் பொண்ணுக்குத் தண்ணிப்பைங்கய்யா. ஒரு கடுதாசி வேணும்."

"பூகாரூமியில தண்ணிப்பை கிடையாதே. வாசல்ல பாக்கலையா?"

"வயித்துல இருக்குங்க. தொட்டுப் பாருங்க."

"தொட்டுப் பாக்கிறது சுகாதாரத் துறை. நான் நாய்த் துறை. நான் தொட்டா அதிகார வரம்பு மீறல்." டெல்ஃபினாவைப் பார்த்துச் சிரித்தார், கெட்டவர் இல்லை, மிட்டாய்கூடக் கொடுத்தார். "சரி, வீட்ல நாய் இருக்கா?"

"இருக்குங்க."

"அட்டை?"

டெல்ஃபினாவே எடுத்து நீட்டினாள். பள்ளிக்கூட நோட்டுக்குள் மடங்காமல் வைத்திருந்தாள்.

"அடடா, நாலு வருஷமும் முத்திரை! பாத்தியா தாயி, இவ்வளவு ஒழுங்கான நாய் இருக்கிற வீட்ல பொண்ணுக்கு எப்படிப் புழு வரும்? பொண்ணுக்கு அட்டை இருக்கா?"

"இல்லீங்க."

"அதான் விஷயம்" என்றார். நாங்கள் தலையாட்டினோம். எதற்கு ஆட்டினோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனாலும் புகார் வந்துவிட்டதே, விசாரிக்காமல் விடலாமா? மூன்று பேர் கொண்ட குழு ஒன்று அக்கா வீட்டுக்கு வந்தது. மூவருக்கும் பை வைத்த புது அங்கி. கனேலாவின் பல்லைப் பார்த்தார்கள், வாலை அளந்தார்கள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள். ஒருவர் அதன் முகத்துக்கு நேரே குனிந்து, "ஏதாவது தொந்தரவு உண்டா?" என்றுகூடக் கேட்டார். அது அவர் மூக்கை நக்கியது. 'தொந்தரவு இல்லை' என்று எழுதிக்கொண்டார்கள். விலாவில் கை வைத்தபடி நாய்க்குப் பக்கத்திலேயே நின்ற பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் நாய்த் துறை.

பதினைந்து நாளில் முடிவு வந்தது. கனேலா 'முன்மாதிரி நாய்'. கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். படமெடுக்க ஆள் வந்தது. டெல்ஃபினா நாய்க்கு முடி சீவி, கழுத்தில் சிவப்புக் கம்பளி நூல் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"பாப்பா, நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா, உன் நிழல் விழுது."

தள்ளி நின்றாள். படம் எடுத்து முடித்ததும் என்னிடம் ஓடிவந்து, "மாமா, கனேலா பாஸாயிட்டா!" என்றாள். ஓடாதே என்று நான் கத்தியதில் அவள் முகம் சுண்டிப்போனது.

சான்றிதழ் வந்ததே தவிர, டிசம்பர் வரை காத்திருந்தும் கடிதம் வரவில்லை. 'விதிவிலக்கு கோரி விண்ணப்பிக்கலாம்' என்றார் இயக்குநர். சந்தை மூலையில் தட்டச்சு அடிப்பவரிடம் உட்கார்ந்து அக்கா விண்ணப்பம் அடித்துக்கொண்டாள். எங்கள் நாட்டில் ஒவ்வொரு வருஷத்துக்கும் அரசாங்கம் ஒரு பெயர் வைக்கும். எந்தக் கடுதாசியானாலும் உச்சியில் அந்தப் பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. அந்த வருஷத்தின் பெயர் 'ஒற்றுமை தழைக்கும் ஆண்டு'. விண்ணப்பத்தை வாங்கி வைக்கிற அம்மாள் கிறிஸ்துமஸ் லீவில் போயிருந்தார். திரும்பி வந்து உறையைப் பிரித்தது ஜனவரி மூன்றாம் தேதி.

"இது போன வருஷப் பேரும்மா. செல்லாது."

"சரிங்க, புதுப் பேரைச் சொல்லுங்க, மாத்தி அடிச்சுட்டு வாரேன்."

"இன்னும் வைக்கலையே. கெசட்ல வந்தாத்தான் தெரியும்."

பதினெட்டு நாள் எங்கள் நாட்டில் வருஷத்துக்குப் பெயரில்லை. அந்தப் பதினெட்டு நாளும் யாரும் எதையும் கேட்க முடியாது. அக்கா தினமும் இரண்டு மணி நேரம் நடந்து வந்து வாசலில் என்னிடம், "தம்பி, பேர் வச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு இரண்டு மணி நேரம் திரும்பி நடப்பாள். கடைசியில் வைத்தார்கள்: 'அனைவருக்கும் நல்வாழ்வு கிட்டும் ஆண்டு'. அக்கா மறுபடி அடித்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்கள். முப்பது வேலை நாளில் பதில் வரும் என்றார்கள்.

பிப்ரவரியில் ஒருநாள் டெல்ஃபினாவுக்கு வலி மருந்து வாங்கப் போயிருந்தேன். டாக்டரம்மா சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"அண்ணே, உங்க ஊர்ல ஆடு அறுத்தா அந்தப் பை வச்ச ஈரலை என்ன செய்வீங்க?"

"மனுஷங்க சாப்பிட மாட்டோம்மா" என்றேன் பெருமையாக. "நாய்க்குப் போட்டுடுவோம். நாய்த் திருநாள்ல நானே ரெண்டு பெரிய பாத்திரம் போடுவேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "மாத்திரை குடுக்கிற அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதாம்மா. திருநாள் இல்லையா?"

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மெதுவாகச் சொன்னார். அந்தப் பைக்குள்தான் புழுவின் குஞ்சுகள் இருக்கின்றன. நாய் தின்றால் நாயின் குடலில் கீனுவா தானிய மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஆயிரக்கணக்கில் வளரும். நாய்க்கு ஒன்றும் செய்யாது. முட்டை நாயின் மலத்தோடு வெளியே வரும், முடியில் ஒட்டும், நாக்கில் ஒட்டும். தடவுகிற கை வாய்க்குப் போகும். ஆட்டுக்குள் போனால் ஆட்டுக்குப் பை. குழந்தைக்குள் போனால் குழந்தைக்குப் பை.

"மாத்திரை அன்னைக்கு வயித்துல இருக்கிற புழுவைத்தான் கொல்லும்ணே. அப்புறம் திங்கிறதுக்கு அது பொறுப்பில்ல."

வெளியே வந்து சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். பெரிய துண்டாகப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்ட கை இது. நாலு வருஷம். என் அக்கா மகளுக்கு நானே என் கையால் ஊட்டியிருக்கிறேன்.

நேரே இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். பதினோரு வருஷத்தில் அவர் கூப்பிடாமல் நான் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை.

"யோவ், ஈரல் எந்தத் துறை?" என்றார்.

"தெரியலீங்க."

"இறைச்சித் துறை. அது நாய் வாய்க்குள்ள போனதுக்கப்புறம்தான்யா நம்ம பொறுப்பு. அடுத்தவன் துறையில மூக்கை நுழைக்கக் கூடாது. போய்க் கதவைப் பாரு."

கதவைப் பார்த்தேன்.

டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. கடிதமும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், தன் பொறுப்பில் வியாழக்கிழமை கம்பளி லாரியில் கூட்டிக்கொண்டு போகிறேன், ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சண்டை போட்டாவது சேர்த்துவிடுகிறேன் என்றார். அக்கா துணிமணி மூட்டை கட்டினாள். டெல்ஃபினா பள்ளிக்கூட யூனிஃபார்மைத் துவைத்துக் காயப்போட்டாள், தலைநகரத்தில் போட்டுக்கொள்ள அவளிடம் நல்ல உடுப்பு அதுதான்.

செவ்வாய்க்கிழமை மழை. ஆட்டுப்பட்டியில் ஒரு குட்டி தாயைக் காணாமல் கத்தியிருக்கிறது. டெல்ஃபினா அதைத் தூக்கப் போய்ச் சேற்றில் வழுக்கிக் கல்சுவர் மேல் வயிறு படும்படி விழுந்துவிட்டாள். எனக்குச் சேதி வந்து நான் ஓடிப்போய்ச் சேருவதற்குள் அக்கா அவளை முதுகில் கட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்துவிட்டாள். உடம்பெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. மூச்சு இழுத்தது. டாக்டரம்மா ஊசிமேல் ஊசி போட்டார்.

"மாமா" என்றாள் டெல்ஃபினா. "கிழங்கு உடைஞ்சிருச்சு போல."

அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை. அந்த யூனிஃபார்மிலேயே புதைத்தோம்.

இயக்குநர் இழவுக்கு வந்தார், குறை சொல்ல முடியாது. என் தோளைக் கட்டிக்கொண்டு, "தைரியமா இரு எஃபராயின். நம்ம எண்ணிக்கைக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

ஆகியிருக்கும், டாக்டரம்மா ஆக்கியிருந்தார். பதிவேட்டில் 'தண்ணிப்பை வெடித்து மரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். திருத்தச் சொன்னார்கள், முடியாது என்றார். ஒரே வாரத்தில் அவரை வேறு மலைக்கு மாற்றினார்கள். பிறகு அந்தப் பக்கத்தில் மழைத் தண்ணீர் பட்டுவிட்டது என்று கிழித்துவிட்டுப் புதுப் பக்கம் ஒட்டினார்கள். அதில் 'கீழே விழுந்து மரணம். நாய்க்குத் தொடர்பில்லை' என்று இருந்தது. இந்த ஆகஸ்டில் துணை அமைச்சர் விருது கொடுக்க வருகிறார் என்றதும் அதுவும் பார்க்க நன்றாக இல்லை என்று யாருக்கோ தோன்றி, அந்தப் பக்கமும் போனது. ஒட்டியவன் நான் இல்லை. பசை வாங்கி வந்தவன் நான்.

நாய்த் திருநாள் வந்தது. துணை அமைச்சர் வந்தார். கொடி, பேண்டு வாத்தியம், பக்கத்து நகரத்து வானொலியிலிருந்து கூலிக்கு ஒரு அறிவிப்பாளர். நான் விடியற்காலையிலேயே சமையல் இடத்துக்குப் பின்னால் இடுப்பளவு பள்ளம் தோண்டியிருந்தேன். இயக்குநர் பார்த்துவிட்டார்.

"என்னய்யா இது?"

"ஈரலைப் புதைக்கங்க."

"நாய்ங்க ஏமாந்து போயிருமேய்யா, திருநாளும் அதுவுமா!"

இரண்டு பாத்திரத்தையும் கவிழ்த்து மண்ணைத் தள்ளி மேலே கல்லை அடுக்கினேன். நாய்கள் சுற்றி நின்று என்னையே பார்த்தன.

பிறகு அவர் மேடையேறினார். "மாண்புமிகு துணை அமைச்சர் அவர்களே! பத்து ஆண்டுகள்! நோயாளி பூஜ்யம்! மரணம் பூஜ்யம்! பூகாரூமியின் குழந்தைகள் அத்தனை பேரும் நலம்! ஒரு குழந்தைகூடக் குறையவில்லை! பதிவேடே சாட்சி!"

நான் கை தட்டவில்லை. நான் தட்டாததால் யாரும் தட்டவில்லை. அந்த அமைதியில் அக்கா மேடைப் படி ஏறினாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, விருது வாங்க வருகிறவள்போல நிதானமாக வந்தாள், அதனால் யாரும் தடுக்கவில்லை. இயக்குநரைத் தாண்டி அறிவிப்பாளரிடம் போனாள்.

"தம்பி, நீங்க பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களா?"

"அதுக்குத்தானேம்மா இருக்கேன். யாரைக் காணோம், குழந்தையா?"

"எம் பொண்ணுங்க. ஒரு குழந்தையும் குறையலைன்னு ஐயா சொல்றாரு. எல்லாப் பிள்ளைகளும் வந்திருக்கு, அவளை மட்டும் காணல. டெல்ஃபினா ரிமாச்சி. ஒன்பது வயசு."

வெளியூர்க்காரர், பாவம், அவருக்கு என்ன தெரியும். சந்தையில் தொலைந்த பிள்ளையைக் கூப்பிடுகிற அதே உற்சாகக் குரலில் கூப்பிட்டார். "டெல்ஃபினா ரிமாச்சி! டெல்ஃபினா ரிமாச்சி! செல்லம், எங்க இருந்தாலும் மேடைக்கு வாம்மா! அம்மா உனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க!"

மலையில் பட்டு அந்தப் பெயர் திரும்பி வந்தது. கூட்டத்தில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு பக்கத்திலிருந்தவர். பிறகு எல்லோரும். துணை அமைச்சரும் ஏதோ மரபு போலிருக்கிறது என்று எழுந்து நின்றார்.

"யோவ் எஃபராயின்!" இயக்குநர் பல்லைக் கடித்தபடி என்னைப் பார்த்தார். "வயரைப் புடுங்குய்யா!"

வயர் என் காலடியில்தான் இருந்தது. நான் எழுந்து நின்றேன், அவ்வளவுதான். நிற்பது எனக்குப் பழக்கமான வேலை.

"என்ன உடுப்பும்மா போட்டிருந்தா?" என்று மைக்கிலேயே கேட்டார் அறிவிப்பாளர்.

"யூனிஃபார்முங்க."

"பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்ட பாப்பா டெல்ஃபினா ரிமாச்சி! சீக்கிரம் வாம்மா!"

கூட்டத்தில் பெண்கள் சத்தமாக அழத் தொடங்கிவிட்டார்கள். அறிவிப்பாளர் அவர்களைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கையிலிருந்த மைக்கைத் தாழ்த்தினார். அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. அக்கா அவர் முழங்கையைப் பிடித்து மைக்கை மறுபடி அவர் வாய்க்கு நேரே உயர்த்தினாள்.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க தம்பி. அவளுக்கு வயித்து வலி, மெதுவாத்தான் நடந்து வருவா."